வன்னியின் வெளிச்சமும் ஒரு கறுப்புப் பெட்டியும்

கடந்த ஆண்டு வன்னிக்குப் போயிருந்தபோது, நான் பயணம் செய்த வானில் பற்றறியைக் குறிக்கும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு கராச்சில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். கராச் உரிமையாளர் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் மல்லாவியில பேப்பருக்கு எழுதிக்கொண்டிருந்தனீங்கள்தானே?" என்று கேட்டார். அவருடைய வலக்கண்ணில் ஒரு வெண்படலம் இருந்தது. அதைக் கண்டதும்தான் அவர் யாரென்று எனக்கு நினைவு வந்தது.

அவருக்குப் பின்னால் சுவரில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு கறுப்புப் பெட்டி ஆணியில் தொங்கியது. பழைய பிரித்தானியக் கார்களில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் திருகப்பட்டிருக்கும் லூக்காஸ் ரெகுலேற்றர் அது. எங்கள் மெக்கானிக்குகள் அதனைக் 'கட்டவுட்' என்றார்கள். நூல்தமிழில் மின்னழுத்தச் சீராக்கி எனலாம். இன்று தெருவில் ஓடும் பெரும்பாலான வாகனங்களுக்கு அது பொருந்தாது.

வன்னியின் போர்க்கால வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். படை நடவடிக்கைகளின் பெயர்களும் உடன்படிக்கைகளின் தேதிகளும் அவற்றில் உண்டு. இந்தப் பெட்டிக்கு அவற்றில் இடமில்லை. நான் கலைப்பட்டதாரி, மின்சாரம் படித்தவன் அல்லன். எனினும் இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருப்பதாக அந்தக் கராச்சில் நின்றபோது உணர்ந்தேன்.

முதலில் அந்தப் பெட்டியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வாகனத்தின் இயந்திரம் சுழலும்போது, பட்டி மூலம் டைனமோவும் சுழன்று மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரமே பற்றறியை நிரப்புகிறது. இயந்திரம் வேகமெடுக்க டைனமோவின் மின்னழுத்தமும் ஏறும். தடுப்பார் இல்லாவிட்டால் அது பற்றறி தாங்கும் அளவைத் தாண்டிவிடும். இயந்திரம் நின்றுவிட்டாலோ மின்சாரம் எதிர்த்திசையில் ஓடி, பற்றறியை வெறுமையாக்கி டைனமோவையும் எரித்துவிடும். இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் பெட்டிக்குள் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்று, டைனமோ போதிய அளவு மின்சாரம் தரும்போது மட்டும் பற்றறியை இணைத்து, ஏனைய வேளைகளில் துண்டித்து வைக்கும். அதுவே உண்மையான கட்டவுட். மற்றையது, மின்னழுத்தம் எல்லையைத் தொட்டதும் டைனமோவின் காந்தப்புலத்துக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைக்கும். ஒரு சிறு இரும்புத் தகடு ஒரு விநாடிக்குள் பலமுறை தொட்டு விலகி இந்தக் காவலைச் செய்தது.

பன்னிரண்டு வோல்ற் பற்றறி என்பது ஆறு அறைகளின் தொடர். ஓர் அறையின் அழுத்தம் ஏறத்தாழ 2.4 வோல்ற்றைத் தாண்டினால் உள்ளிருக்கும் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து குமிழியிடத் தொடங்கும். இதைத்தான் 'பற்றறி கொதிக்கிறது' என்பார்கள். வெப்பம் கூடிய இடத்தில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். பங்குனி, சித்திரையில் பகல் வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தொடும் வன்னியில் இது சிறிய விடயமன்று.

இந்தப் பெட்டி வன்னிக்கு வந்தது பிரித்தானியக் கார்களோடும் உழவு இயந்திரங்களோடும்தான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற கார்களின் மின்கருவிகளைச் செய்தது பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம். இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றங்களில் நெல் விதைத்தவர்களும், 1970 முதல் 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலத்தில் மிளகாயிலும் வெங்காயத்திலும் காசு கண்டவர்களும் மசி பெர்கூசன் உழவு இயந்திரங்களை வாங்கினார்கள். அவற்றில் பழையவற்றிலும் லூக்காஸ் டைனமோவும் கட்டவுட்டும் இருந்தன. பரந்தனிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்த கராச்சுகளில் இந்தப் பெட்டியைத் திறந்து பூட்டத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. பெரும்பாலும் அது நூல் பார்த்துக் கற்ற தலைமுறை அன்று. குருவின் கையைப் பார்த்துக் கற்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தென்னிலங்கையிலிருந்து வடக்கே வந்த மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை இறுகியது. 1991இல் வெளியான தடைப்பட்டியலில் எரிபொருளும் உலர் மின்கலங்களும் வாகன உதிரிப்பாகங்களும் இடம்பெற்றிருந்தன. போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்குகளும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் கேட்ட வானொலியும் அந்தக் காலத்தில் வாழ்ந்த எவருக்கும் மறக்க முடியாதவை. ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது நானும் வெளியேறினேன். 1996இன் தொடக்கத்தில் கிளாலி நீரேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தேன். அதே ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனதும் மக்களும் அலுவலகங்களும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று நகர்ந்தார்கள். மல்லாவி சில மாதங்களில் ஒரு நகரமாயிற்று. அங்கே ஒரு பாலைமரத்தின் கீழ் கிடுகுக் கொட்டிலில் இருந்தது நான் சொல்லவந்த கராச்.

அதனை நடத்தியவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணை. தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்றைப் பலகையில் பூட்டி, ஒரு பழைய காரின் டைனமோவைப் பட்டியால் அதனுடன் இணைத்து, நடுவே அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார். ஊரார் பற்றறிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து நிரப்பிச் சென்றனர். எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் பற்றறியும் வாரத்துக்கு இருமுறை அங்கே போகும். பீபீசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டுக் குறிப்பெடுக்க எங்களுக்கு அது வேண்டும். பற்றறியைத் தூக்கிச் செல்வது இளையவன் என்பதால் என் வேலையாயிற்று.

அங்கே காத்திருந்த மாலைகளில் அவருடைய வேலையைப் பார்த்தேன். பெட்டியைத் திறக்க முன்னர் அவர் பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிடுவார். சீராக்கும் சுருளின் முனைகளை நுண்ணிய அரக்கல்லால் தேய்ப்பார். கட்டவுட்டின் முனைகளோ மென்மையான வெள்ளி. அவற்றில் அரக்கல்லைப் பட விடாமல் மிக நுண்ணிய தேய்ப்புத்தாளால் மட்டும் துடைப்பார். பின்னர் ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் தூசு எடுப்பார். அளந்து பார்ப்பதற்குக் கட்டவுட்டின் முனைகளுக்கிடையே ஒரு துண்டுக் கடதாசியைச் செருகி, இயந்திரத்தின் வேகத்தை மெதுவாக ஏற்றி, மீற்றரின் முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பார். பற்றறி இணைக்கப்படாத அந்த நிலையில் முள் பதினாறு வோல்ற்றுக்கு அண்மையில் நிற்கவேண்டும். வெயில் கூடிய நாளில் அதைவிடச் சற்றுக் கீழே. இதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும், சுருள் சூடாகிவிட்டால் அளவு பொய் சொல்லும் என்பார்.

மீற்றரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது பழைய முள் மீற்றர். மின்னழுத்தம் அளக்க அதற்குள் மின்கலம் தேவையில்லை. அளக்கப்படும் மின்சாரமே முள்ளை நகர்த்தும். மின்கலம் தடைசெய்யப்பட்ட நாட்டில் அது பெரிய வரம். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு சிறு பல்பைப் பயன்படுத்தினார்.

பற்றறிக்கு ஊற்றும் நீருக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மாரிமழையில், தகரக் கூரையில் பட்டு வழியாமல், வெளியில் நேராக வைத்த பிளாஸ்ரிக் பாத்திரங்களில் நீரைப் பிடித்துப் போத்தல்களில் வைத்திருப்பார். அமிலத்தைக் கலக்க நேர்ந்தால் நீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுவார். அமிலத்துக்குள் நீரை விட ஒருபோதும் இடங்கொடுக்கமாட்டார். அது கொதித்துத் தெறிக்கும்.

இவ்வளவு கவனமான மனிதரின் கராச்சில்தான் அந்த விபத்து நடந்தது. 1997 என்று நினைவு. உதவிக்கு நின்ற சிறுவனுக்குப் பதினைந்து வயது. ஒரு மாலை அண்ணை வெளியே போயிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை உலோகச் சட்டத்துடன் இணைத்த கம்பி துருப்பிடித்து விடுபட்டிருந்ததைப் பின்னர்தான் கண்டார்கள். 'ஏர்த்' கம்பி என்று சொல்லப்படும் அந்தக் கம்பி வழியாகவே சீராக்கும் சுருளுக்கு மின்சாரம் திரும்புகிறது. அது விடுபட்டால் சுருள் செயலிழக்கும். காவல்காரன் உறங்கிவிட்டான், டைனமோ தடையின்றித் தன் முழு வலுவையும் பற்றறிக்குள் தள்ளியது. பற்றறி நெடுநேரம் கொதித்திருக்கிறது.

இருட்டிவிட்டது. சத்தம் கேட்டுப் பற்றறியின் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்கச் சிறுவன் குனிந்திருக்கிறான். ரோர்ச் லைற்றுக்கு மின்கலம் இல்லை. கையில் இருந்தது போத்தல் விளக்கு. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் கலந்தாலே தீப்பற்றப் போதும். அந்தக் கொட்டிலுக்குள், அந்த மூடியின் மேல், அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.

நான் எங்கள் பற்றறியை எடுக்கப் போனபோது அவனைக் கிணற்றடியில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்த அண்ணை, "நிப்பாட்டாதேங்கோ, ஊத்துங்கோ, கண்ணைத் திறந்து பிடிச்சு ஊத்துங்கோ" என்று கத்திக்கொண்டே நின்றார். கால் மணி நேரத்துக்கு மேலாக ஊற்றிய பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக விட்டார். இடக்கண் தப்பியது அந்தத் தண்ணீரால்தான் என்று வைத்தியர் பின்னர் சொன்னார். வலக்கண்ணுக்கு வேண்டிய மருந்தும் சிகிச்சையும் அன்றைய வன்னியில் இல்லை.

நான் அதைச் செய்தியாக எழுதவில்லை. நாள்தோறும் குண்டுவீச்சில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு பற்றறி வெடித்ததைப் போர்ச்செய்தி என்று அன்று நான் கருதவில்லை. இன்று அதனைப் பிழையென்றே சொல்வேன். ஒரு ரோர்ச் லைற்றுக்கான இரண்டு மின்கலங்கள் தடைப்பட்டியலில் இருந்ததால் ஒரு சிறுவன் தீயைக் கையில் ஏந்திக் குனிந்தான். போர்ச்செய்தி அதுதான்.

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8ஆம் திகதி ஏ-9 பாதை திறந்தது. ஓமந்தையைக் கடந்து வந்த ஹையேஸ் வான்களிலும் புதிய லொறிகளிலும் டைனமோ இல்லை, ஒல்ரனேற்றர் இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் ஆல்டர்னேட்டர் என்று எழுதுவது இதைத்தான். உலகில் இது புதியதன்று. கிறைஸ்லர் நிறுவனம் தனது வாலியன்ற் காரில் 1960இலேயே இதைப் பொருத்தியது. சென்னை பாடியில், 1961இல் தொடங்கிய லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனம் இவ்வகைக் கருவிகளைப் பெருமளவில் செய்துவருகிறது. ஆனால் வன்னிக் கராச்சுகளில் பலருக்கு இது பழகாத பொருள். தடைக்காலத்தில் உலகம் நகர்ந்துவிட்டது. எங்கள் கைகள் பழைய இடத்திலேயே நின்றன.

ஒல்ரனேற்றர் மாறுதிசை மின்சாரத்தைப் பிறப்பித்து, உள்ளே இருக்கும் டயோட்டுகளால் அதை நேராக்குகிறது. டயோட்டு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. ஆகவே எதிர்த்திசை ஓட்டத்தைத் தடுக்கத் தனியே கட்டவுட் வேண்டியதில்லை. சீராக்கியும் சிறுத்து, நகரும் உறுப்பு எதுவுமின்றி, ஒல்ரனேற்றரின் முதுகுக்குள்ளேயே போய்விட்டது. அது வழக்கமாகப் பதினான்கு வோல்ற்றுக்குச் சற்று மேலாக மின்னழுத்தத்தை நிறுத்தி வைக்கும். திறந்து தேய்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இங்கேதான் பழைய அறிவு பகையாயிற்று. டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, இயந்திரம் ஓடும்போதே பற்றறிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இயந்திரம் நிற்காமல் ஓடினால் டைனமோ நலம். டைனமோ இந்த முரட்டுச் சோதனையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஒல்ரனேற்றர் பொறுக்காது. மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்த பற்றறி திடீரென விலகியதும், குறையச் சிறிது நேரம் எடுக்கும் காந்தப்புலம் ஒரு கணத்துக்கு மின்னழுத்தத்தை எண்பது, நூறு வோல்ற் வரைகூட எறியக்கூடும். சீராக்கியும் டயோட்டுகளும் அந்தக் கணத்திலேயே கருகலாம்.

இன்னொன்று, முனைகளின் திசை. பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. புதியவற்றில் எதிர்முனை. டைனமோவின் திசை மாறிவிட்டால் ஒரு கம்பியால் தொட்டுத் திருத்திவிடலாம். ஒல்ரனேற்றர் உள்ள வண்டியில் பற்றறியைத் திசைமாற்றி வைத்தால் டயோட்டுகளுக்கு அதுவே முடிவு.

அண்ணையிடமும் இது நடந்தது. கிளிநொச்சிக்குத் திரும்பிக் கராச் போட்டிருந்த அவர், வந்த முதல் வாரங்களில் ஒரு வானின் பற்றறிக் கம்பியைப் பழைய வழக்கப்படி கழற்றினார். சீராக்கி போயிற்று. அந்தப் பகுதியை வவுனியாவில் வாங்கித் தன் செலவிலேயே பொருத்திக் கொடுத்தார். அன்று மாலை என்னிடம் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "தம்பி, முப்பது வருசம் சரியாச் செய்த வேலை, இண்டைக்குப் பிழையாப் போச்சு. இனி நான் திரும்பப் படிக்கவேணும்."

அவர் படித்தார். வவுனியாவிலிருந்து ஓர் ஆங்கிலக் கைந்நூல் வந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அந்தச் சிறுவன், அப்போது இருபது வயது இளைஞன், ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினான். இயந்திரம் ஓடும்போது பற்றறியைக் கழற்றாதே. கழற்றும்போது உடலோடு இணைந்த எதிர்முனையை முதலில் கழற்று. பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டு. பற்றறியை வைக்கமுன் முனையை இருமுறை பார். வண்டியில் வெல்டிங் செய்யமுன் பற்றறியையும் ஒல்ரனேற்றரையும் துண்டி. சார்ச் ஏறவில்லையென்றால் முதலில் பட்டியையும் ஏர்த் கம்பியையும் பார், பிறகு சீராக்கியைச் சந்தேகி. கடைசி வரியை அவனே சேர்த்தான்: பற்றறிக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுவராதே.

2006 ஓகஸ்ற்றில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. கழித்துவைத்த பழைய டைனமோக்கள் திரும்பவும் இறக்கப்பட்டன. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே நகரம் காலியாகியிருந்தது. மக்கள் உழவு இயந்திரங்களில் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போனார்கள். அண்ணையும் போனார். விசுவமடுவைத் தாண்டிய பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. மே மாதத்தில் போர் முடிந்தபின், முள்ளிவாய்க்காலில் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்த வாகனங்கள் பழைய இரும்பாகப் போயின. அவருடைய கை பட்ட எத்தனை பெட்டிகள் அந்தக் குவியலில் இருந்தனவோ.

2010களின் முற்பகுதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்வழி மீண்டும் வந்தது. இன்று அங்கே இரவில் தெருவிளக்கு எரிகிறது. 2022இல் நாடு முழுவதும் பொருளாதாரம் சரிந்து, மார்ச் மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, கொழும்பிலிருந்த நண்பர் ஒருவர் கார் பற்றறியில் விளக்கு எரிப்பது எப்படி என்று தொலைபேசியில் கேட்டார். அப்போது நான் அந்த மட்டையில் இருந்ததைத்தான் அவருக்குச் சொன்னேன், கடைசி வரி உட்பட. இன்று கூரைகளில் ஏறியிருக்கும் சூரியத் தகடுகளுக்கும் பற்றறிக்கும் நடுவே ஒரு சிறிய கட்டுப்படுத்தி இருக்கிறது. பெயர் வேறு, செய்வது அதே காவல்தான்.

எங்கள் வானின் பழுது பெரிதன்று. பட்டி தளர்ந்திருந்தது. அவர் அதை இறுக்கி, இயந்திரத்தை ஓடவிட்டு, மீற்றரை வைத்துப் பார்த்தார். 14.2 என்று காட்டியது. சிவப்பு விளக்கு அணைந்தது. பற்றறியின் மூடிக்கு அருகில் குனியும்போது அவர் கண்ணாடி அணிந்துகொண்டதைக் கவனித்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பையன்களும் அணிந்திருந்தார்கள்.

"அந்த மட்டை எங்கே?" என்று கேட்டேன்.

"அது போட்டுது அண்ணை, எல்லாத்தோடயும். ஆனா இவங்களுக்கு வாயால சொல்லிக் குடுத்திருக்கிறன்" என்றார்.

வாயால் சொன்னது ஒரு தலைமுறை நிற்கும். சில வேளை அதற்குள்ளும் போய்விடும். வன்னியில் சொன்னவர்களே போய்விட்டார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இதை வாசிக்கும் அக்காலத்து மெக்கானிக்குகள் யாரேனும் இருந்தால், உங்கள் கை அறிந்ததை நீங்களும் எழுதி வையுங்கள். தடைக்காலத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.